கரை காத்த கல்வி

நுழையும்முன்

உடலை உரமாக்குவது எதற்காக? பந்தயத்தில் பிறரை முந்துவதற்காகவா? ஆணையிடுபவரின் குரலுக்கு அணிவகுத்து நடப்பதற்காகவா? அல்லது ஆபத்தில் தவிக்கும் ஓர் உயிருக்குக் கைகொடுப்பதற்காகவா? இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களையும் கண்ட ஆசிரியர் ஒருவர் இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். கடலையும் மலையையும் வகுப்பறைகளாக்கி அதற்கு விடை தேடினார். அவரது வாழ்வை அறிவோம்.

வெயில் தந்த இருள்

குர்ட் ஹான் 1886ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். யூத மரபில் வந்த செல்வக் குடும்பம் அவருடையது. தந்தை ஆஸ்கார் ஹான் தொழிலதிபர். தாய் சார்லோட் கலைகளில் ஈடுபாடு மிக்கவர். அக்காலத்து ஜெர்மானியப் பள்ளிகள் மனப்பாடத்திற்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்றவை. பாடநூலைத் தாண்டி மாணவனின் உடலும் உள்ளமும் வளர அங்கு இடம் குறைவு. இளம்வயதில் நடைப்பயணம் ஒன்றின்போது இங்கிலாந்தின் அபாட்ஸ்ஹோம் பள்ளியைப் பற்றி ஹெர்மன் லீட்ஸ் எழுதிய நூல் ஹானின் கைக்கு வந்தது. உழைப்பும் இயற்கையும் படிப்பும் ஒன்றாகக் கலந்த அப்பள்ளியின் சித்திரம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. தாமும் ஒருநாள் அத்தகைய பள்ளியை உருவாக்க வேண்டும் என்னும் விதை அன்று விழுந்தது.

ஓடுவதிலும் தாண்டுவதிலும் படகு செலுத்துவதிலும் விருப்பம் கொண்டிருந்த அவ்விளைஞருக்குப் பதினெட்டாம் வயதில் பேரிடி ஒன்று காத்திருந்தது. 1904ஆம் ஆண்டு கடும் வெயில் தாக்கி அவர் நோயுற்றார். அதன் பாதிப்பு எளிதில் நீங்கவில்லை. ஒளி புகாத அறையில் நெடுநாள் கிடக்க நேர்ந்தது. பின்னாளில் அறுவை மருத்துவம் ஓரளவு துயர் தணித்தபோதும், வெயிலைத் தாங்க இயலாத உடலோடுதான் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அகன்ற விளிம்புடைய தொப்பி அவரது அடையாளமாகவே ஆயிற்று. திறந்தவெளியில் கல்வி பெறுமாறு உலக இளைஞர்களை அழைத்தவர், தாம் திறந்தவெளியில் தடையின்றி நடமாட இயலாதவராக இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நோயின் பிடியில் இருந்த ஆண்டுகளிலும் அவர் கல்வியை விடவில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டிலும் ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். கோடைக்காலங்களில் வெயில் மிகாத ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையை நாடிச் சென்றார். மரே என்னும் அப்பகுதியின் குளிர்ந்த கடற்காற்று அவருக்கு இதமளித்தது. அங்குப் பழகிய மீனவர்களும் அக்கரையின் சிறு துறைமுகங்களும் பிற்காலத்தில் தம் கல்விப்பணிக்குக் களமாகும் என்பதை அவர் அன்று அறிந்திருக்க இயலாது.

மடாலயத்தில் ஒரு பள்ளி

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனிக்குத் திரும்பிய ஹான், ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படித்து அந்நாட்டு மக்களின் மனநிலையை அரசுக்கு எடுத்துரைக்கும் பணியில் அமர்ந்தார். எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களையும் மூழ்கடிக்கும் நீர்மூழ்கிப் போர்முறையை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் அவ்வெதிர்ப்புக்குச் செவிசாய்ப்பார் இல்லை. போரின் இறுதி வாரங்களில் பேரரசின் தலைமை அமைச்சராகப் பொறுப்பேற்ற பாடன் நாட்டு இளவரசர் மாக்ஸின் நம்பிக்கைக்குரிய செயலராக ஹான் விளங்கினார்.

போர் முடிந்தது. தோல்வி, பசி, பகைமை ஆகியவை நாடெங்கும் சூழ்ந்திருந்தன. கற்றறிந்தவர்கள் நிறைந்த நாடு ஏன் இந்நிலைக்கு ஆளாயிற்று என்று இளவரசரும் ஹானும் சிந்தித்தனர். அறிவுடையோர் பலர் இருந்தும், உரிய வேளையில் துணிந்து பேசுவோர் சிலரே இருந்தனர் என்பதை ஹான் நேரில் கண்டிருந்தார். அறிந்ததைச் செய்யும் துணிவைப் பள்ளிப்பருவத்திலேயே பழக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

1920ஆம் ஆண்டு, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில் இளவரசருக்கு உரிமையான மாளிகையில் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. முன்னாளில் துறவிகளின் மடாலயமாக இருந்த அவ்விடத்தின் பெயர் சாலெம். நம் மாநிலத்துச் சேலம் நகரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. அமைதி என்னும் பொருள்தரும் விவிலியப் பெயர் அது. இளவரசர் மாக்ஸ், கல்வியாளர் கார்ல் ரைன்ஹார்ட் ஆகியோருடன் இணைந்து ஹான் அப்பள்ளியை வளர்த்தார்.

சாலெமில் உடற்பயிற்சி, பாடம் முடிந்தபின் கிடைக்கும் பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. பாடவேளைகளுக்கு நடுவிலேயே ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றிற்கு நேரம் ஒதுக்கப்பட்டது. பிறரோடு ஒப்பிட்டு வெற்றி தோல்வி காண்பதைவிட, நேற்றைய தன்னை இன்று வெல்வதே நோக்கமாக வைக்கப்பட்டது. உயரம் தாண்டத் தயங்கும் மாணவன் சிறிது சிறிதாகத் தன் எல்லையை உயர்த்திக்கொள்ளும்போது, அவனுள் ஏற்படும் மாற்றம் விளையாட்டுத் திடலோடு நின்றுவிடுவதில்லை என்பதை ஹான் உணர்ந்திருந்தார். குழு விளையாட்டுகளுக்கும் இடமுண்டு. எனினும் அவையே பள்ளியின் பெருமையாகிவிடாதபடி அளவோடு நிறுத்தப்பட்டன. ஆட்டத்தில் சிறந்த சிலரைக் கொண்டாடுவதில் மற்றவர் பார்வையாளராகிவிடுவர் என்று அவர் அஞ்சினார்.

மாணவர் ஒவ்வொருவரும் பயிற்சித்திட்டம் ஒன்றைப் பேணினர். அன்றாடக் கடமைகளைச் செய்தோமா இல்லையா என்பதை இரவில் தாமே அதில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் எவரும் அதனைச் சரிபார்ப்பதில்லை. கண்காணிப்பார் இல்லாத இடத்திலும் உண்மையாக இருப்பதே பயிற்சியின் உயிர் என்பது ஹானின் உறுதிப்பாடு.

ஒரு கடிதம், ஒரு சிறை

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் இருந்த பொட்டெம்பா என்னும் சிற்றூரில் கொடுஞ்செயல் ஒன்று நிகழ்ந்தது. மாற்றுக்கட்சியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரை நாஜிக் கட்சியினர் நள்ளிரவில் வீடு புகுந்து, அவருடைய தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றனர். அவர்களுள் ஐவருக்கு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அக்கொலைகாரர்களைத் தம் தோழர்கள் என உரிமை பாராட்டி ஹிட்லர் வெளிப்படையாக ஆதரவுத் தந்தி அனுப்பினார்.

அவ்வேளையில் ஹான் எழுதுகோலை எடுத்தார். சாலெம் பள்ளியின் பழைய மாணவர்களுக்குக் கடிதம் அனுப்பினார். நாஜிப் படைப்பிரிவுகளில் இருப்போர், ஹிட்லரோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சாலெமோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். இரண்டிலும் கால் வைக்க இயலாது என்பதே அதன் சாரம். தாம் யூத மரபினர் என்பதையும், எதிர்ப்பு தம் பள்ளிக்கும் உயிருக்கும் கேடு விளைக்கலாம் என்பதையும் அறிந்தே அவர் அதனை எழுதினார்.

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சு மாதம் ஹான் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் முயன்றனர். பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் அவர் பொருட்டுத் தலையிட்டார். சில நாள்களில் விடுதலை கிடைத்தது. ஆயினும் தாம் வளர்த்த பள்ளிக்குள் காலடி வைக்க அவருக்கு அனுமதியில்லை. அவ்வாண்டு கோடையில் நாற்பத்தேழு வயதில் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்து சென்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஹிட்லரின் ஆட்சியும் இளைஞர்களின் உடலை உரமாக்கியது. ஹிட்லர் இளைஞர் அமைப்பிலும் நெடும்பயணங்களும் முகாம்களும் விளையாட்டுகளும் இருந்தன. வெளித்தோற்றத்தில் சாலெமின் பயிற்சிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. வேறுபாடு நோக்கத்தில் இருந்தது. அங்கு வலிமை கேள்வி கேளாத கீழ்ப்படிதலுக்காகவும் போருக்காகவும் வளர்க்கப்பட்டது. ஹானின் பள்ளியிலோ, தானே சிந்தித்து முடிவெடுக்கவும் பிறரைக் காக்கவும் வளர்க்கப்பட்டது. வலிமை மட்டுமே நற்பண்பு ஆகிவிடாது; அது யாருக்குப் பயன்படுகிறது என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை ஹான் நூலில் கற்கவில்லை, நாடிழந்து கற்றார்.

கரையோரக் காவலர்கள்

அயல்நாட்டில் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நோயுற்ற இளமையில் தமக்கு இதமளித்த மரே பகுதியையே ஹான் மீண்டும் நாடினார். அங்குப் பழைய மாளிகை ஒன்றில் 1934ஆம் ஆண்டு கார்டன்ஸ்டன் பள்ளி உருவாயிற்று. தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே இருந்தனர். சாலெமிலிருந்து வந்து சேர்ந்த கிரேக்க இளவரசர் பிலிப்பும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசி இரண்டாம் எலிசபெத்தை மணந்தவர் இவரே.

பள்ளிக்கு அருகில் ஹோப்மன் என்னும் மீனவர் துறைமுகம் இருந்தது. அதுவே மாணவர்களின் இரண்டாம் வகுப்பறையாயிற்று. பாய்மரத்தை ஏற்றவும் இறக்கவும், கயிற்றில் முடிச்சிடவும், காற்றின் திசையறிந்து படகைத் திருப்பவும் அவர்கள் கற்றனர். கடல் பாரபட்சம் அறியாதது. இளவரசரின் மகன் என்றோ ஏழையின் மகன் என்றோ அது பார்ப்பதில்லை. முடிச்சைத் தவறாக இட்டால் எவர் இட்டாலும் அவிழ்ந்துவிடும். அருகிலிருப்பவர் செய்யும் பணியில் தம் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதைப் படகில் இருப்போர் விரைவில் உணர்ந்துகொள்வர்.

கடலோரக் காவல் பணியிலும் மாணவர்கள் சேர்ந்தனர். புயல் வீசும் வேளைகளில் கரையோரக் கண்காணிப்புக் குடிலில் முறைவைத்துக் காவலிருந்து, ஆபத்தில் சிக்கிய படகுகள் தென்படுகின்றனவா என்று கடலை நோக்கியிருந்தனர். தீயணைப்புப் பணியிலும் பயிற்சி அளிக்கப்பட்டது. இது நாடகமன்று, ஒத்திகையும் அன்று. காவலிருப்பவர் கண்ணயர்ந்தால் எவரேனும் இறக்கக்கூடும். இப்பொறுப்பைப் பதினாறு, பதினேழு வயதினரிடம் ஒப்படைக்கத் துணிந்ததுதான் ஹானின் புதுமை. பொறுப்பைக் கண்டு பெரும்பாலான இளைஞர் அஞ்சுவதில்லை. தம்மை எவரும் தேவையெனக் கருதவில்லை என்னும் நிலையே அவர்களை வாடச்செய்கிறது என்று அவர் நம்பினார்.

இப்பயிற்சி ஒரு பள்ளியின் மதில்களுக்குள் அடங்கிவிடக்கூடாது என்றும் அவர் விரும்பினார். 1936ஆம் ஆண்டு, சுற்றுவட்டார இளைஞர்களும் பங்கேற்கும் வகையில் மரே பதக்கத் திட்டத்தைத் தொடங்கினார். உடல்திறன், பயணம், பிறர்க்கு உதவும் ஆற்றல் ஆகியவற்றில் வரையறுத்த அளவை எட்டியவர் எவராயினும் பதக்கம் பெறலாம். ஒருவர் பெறுவதால் மற்றவர் இழக்காத பரிசாக அது அமைந்தது.

உயிர்ப்படகு சொன்ன பாடம்

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. கார்டன்ஸ்டன் பள்ளிக் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொண்டதால் 1940ஆம் ஆண்டு பள்ளி வேல்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அங்குதான் ஹானின் வாழ்வில் பெருந்திருப்பம் நிகழ்ந்தது.

அட்லாண்டிக் பெருங்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் வணிகக் கப்பல்களைத் தொடர்ந்து மூழ்கடித்தன. முந்தைய போரில் எந்தப் போர்முறையை ஹான் எதிர்த்தாரோ, அதுவே மீண்டும் தலைவிரித்தாடியது. கப்பல் மூழ்கியபின் உயிர்ப்படகுகளில் ஏறியோர் குளிரிலும் பசியிலும் நாள்கணக்கில் கடலில் அலைந்தனர். கப்பல் நிறுவனம் ஒன்றின் தலைவரான லாரன்ஸ் ஹோல்ட், இச்செய்திகளில் ஒரு வியப்பைக் கண்டார். உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகள் பலர் உயிரிழக்க, பாய்மரக் கப்பல்களில் பழகிய முதிய மாலுமிகள் பிழைத்து வந்தனர் என்பது அவர் கணிப்பு. இளையோரிடம் குறைந்திருந்தது தசைவலிமையன்று. இடரைத் தாங்கிய பழக்கமும், தம்மீதும் அருகிலிருப்பவர்மீதும் கொண்ட நம்பிக்கையுமே குறைந்திருந்தன.

இக்குறையை நீக்க ஹோல்ட்டும் ஹானும் கைகோத்தனர். 1941ஆம் ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் கடற்கரையின் அபர்டவி என்னும் ஊரில் புதுவகைப் பள்ளி திறக்கப்பட்டது. துறைமுகத்தை விட்டுத் திறந்த கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்னும் கப்பல் வழக்கே அதற்குப் பெயராயிற்று. ஜிம் ஹோகன் அதன் முதல் பொறுப்பாளர் ஆனார்.

பயிற்சிக்காலம் ஏறத்தாழ ஒரு மாதம். கப்பல் நிறுவனங்களின் பயிற்சி மாலுமிகள், தொழிற்சாலைகளில் தொழில் பழகுவோர், காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் சேரவிருப்போர், பள்ளி மாணவர் எனப் பல திறத்தாரும் ஒன்றாகத் தங்கினர். சிறுபடகு செலுத்துதல், தடகளப் பயிற்சி, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழியறிதல், மீட்புப்பணி, கடற்பயணம், மலைத்தொடர்களைக் கடக்கும் நடைப்பயணம், ஊராருக்கு ஆற்றும் தொண்டு ஆகியவை பாடங்கள். தொழிலுக்கு வேண்டிய கைத்திறனும் வாழ்வுக்கு வேண்டிய மனத்திண்மையும் அங்கு வெவ்வேறு பாடங்களாக இல்லை. படகைச் செலுத்தக் கற்றவன் அச்சத்தை ஆளவும் கற்றான். வரைபடம் படிக்கக் கற்றவன், குழுவில் தளர்ந்து பின்தங்கியவனுக்காகக் காத்திருக்கவும் கற்றான்.

கடலுக்காக இளைஞரைப் பயிற்றுவிப்பதைவிடக் கடலின் வழியாக அவர்களைப் பயிற்றுவிப்பதே இப்பள்ளியின் நெறி என்பதைப் பலரும் உணர்ந்தனர். ஆகவே போர் முடிந்த பின்னரும் அது மூடப்படவில்லை. 1946ஆம் ஆண்டு அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் மலைப்பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டில் பெண்களுக்கான பயிற்சியும் நடைபெற்றது. பின்னர் உலகின் பல நாடுகளில் இவ்வமைப்பு வேரூன்றியது.

எல்லார்க்கும் ஒரு பதக்கம்

உடல்நலம் குன்றியதால் 1953ஆம் ஆண்டு ஹான் கார்டன்ஸ்டனின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மரே கரையில் சிறிய அளவில் தொடங்கிய பதக்கத் திட்டத்தை நாடு முழுமைக்கும் விரிவாக்க வேண்டும் என்று தம் பழைய மாணவரான பிலிப்பை வற்புறுத்தினார். அதன் பயனாக 1956ஆம் ஆண்டு எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் உருவாயிற்று. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய 1953ஆம் ஆண்டுப் பயணத்தின் தலைவர் ஜான் ஹன்ட், இத்திட்டத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார்.

தொண்டு, பயணம், திறன், உடல்நலம் ஆகிய துறைகளில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிநிலைகள் இதில் உண்டு. தொடக்கத்தில் ஆண்களுக்கு மட்டுமே அமைந்த இத்திட்டம் ஈராண்டுகளில் பெண்களுக்கும் உரியதாயிற்று. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இளைஞர்கள் இதில் பங்கேற்கின்றனர். இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

பகைவரின் பிள்ளைகள் ஒரே படகில்

1950களில் உலகம் மீண்டும் இரு முகாம்களாகப் பிரிந்து நின்றது. 1955ஆம் ஆண்டு பாரிசில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குச் சென்ற ஹான், அண்மைவரை ஒருவரோடு ஒருவர் போரிட்ட நாடுகளின் அதிகாரிகள் ஒன்றாக அமர்ந்து பயில்வதைக் கண்டார். படை அதிகாரிகளுக்கு இயல்வது பதினாறு வயது மாணவர்க்கு ஏன் இயலாது என்னும் எண்ணம் அவருக்குள் எழுந்தது.

1962ஆம் ஆண்டு வேல்ஸ் கடற்கரையில் உள்ள செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து வந்த மேல்நிலை மாணவர்கள் அங்கு இரண்டாண்டுகள் ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். வலிய ஓதங்களைக் கொண்ட பிரிஸ்டல் கால்வாய் அக்கோட்டையின் முன்னே விரிந்திருந்தது. கடலில் மீட்பு, பாறைச்சரிவில் மீட்பு, கடற்கரைக் காவல் ஆகியவை மாணவர்களின் தொண்டுப் பணிகளாயின. பிரிட்டனின் உயிர்ப்படகு நிறுவனம் அக்கல்லூரியிலேயே மீட்புநிலையம் ஒன்றை அமைத்தது. அதில் பணியாற்றியோர் மாணவர்களே.

கல்லூரியின் முதல் தலைவரான டெஸ்மண்ட் ஹோர் கடற்படையில் உயர்பதவி வகித்தவர். கரடுமுரடான அக்கரையில் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளின் அடிப்பகுதி விரைவில் கிழிந்துபோவதை அவரும் மாணவர்களும் கண்டனர். படகின் அடிப்பகுதியை உறுதியான பலகையால் அமைத்து, சுற்றிலும் காற்றடைத்த குழாயைப் பொருத்திப் பல மாதிரிகளைச் செய்து பார்த்தனர். பள்ளிப் பட்டறையில் உருவான அவ்வடிவமே இன்று உலகின் கடலோர மீட்புப் படையினர் பலரும் பயன்படுத்தும் படகுவகைக்கு அடிப்படையாயிற்று. அதன் உரிமையை உயிர்ப்படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டு விலைக்கு ஹோர் வழங்கினார். உயிர்காக்கும் கருவியால் பொருளீட்ட அவர் விரும்பவில்லை எனலாம்.

அட்லாண்டிக் கல்லூரியைத் தொடர்ந்து ஒன்றிணைந்த உலகக் கல்லூரிகள் என்னும் பெயரில் பல நாடுகளில் கல்லூரிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று 1997ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தின் புனே நகருக்கு அருகில் தொடங்கப்பட்டது.

குறையும் நிறையும்

ஹானின் பணியை மதிப்பிடும்போது அதன் குறைகளையும் காண்பதே முறை. கார்டன்ஸ்டனின் அதிகாலை ஓட்டமும் குளிர்நீர்க் குளியலும் கண்டிப்பான ஒழுங்குமுறையும் எல்லா மாணவருக்கும் ஏற்றவையாக இருக்கவில்லை. மென்மையான இயல்புடைய சிலர் அங்குத் துன்புற்றனர். ஹான் உயிரோடிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அது ஆண்களுக்கான பள்ளியாகவே இருந்தது. 1972ஆம் ஆண்டுதான் பெண்கள் சேர்க்கப்பட்டனர். கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அத்தகைய பள்ளிகள் பெரிதும் எட்டின. இக்குறையை உணர்ந்ததனால்தான் மரே பதக்கத்தையும் அபர்டவியையும் விருதுத் திட்டத்தையும் எல்லாருக்கும் உரியவையாக அமைக்க அவர் ஓயாது முயன்றார் எனக் கருத இடமுண்டு.

இறுதிக்காலத்தில் ஹான் ஜெர்மனிக்குத் திரும்பினார். தம்மைச் சிறையிலிட்டு விரட்டிய நாட்டின்மீது அவர் பகைமை பாராட்டவில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். தாம் முதன்முதலாக வளர்த்த பள்ளி அமைந்த சாலெம் மண்ணிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கடல் இன்னும் அழைக்கிறது

இன்று பல நாடுகளில் விளையாட்டும் வெளிப்புறச் செயற்பாடுகளும் மேல்நிலை மாணவர்க்குத் தொழிற்கல்வியாகவே கற்பிக்கப்படுகின்றன. உயிர்காப்பு நீச்சல், மலையேற்ற வழிகாட்டல், படகோட்டப் பயிற்சி, முகாம் மேலாண்மை, முதலுதவி ஆகியவை வாழ்வாதாரம் அளிக்கும் துறைகளாக வளர்ந்துள்ளன. நம் நாட்டிலும் 1954இல் டார்ஜிலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் நிறுவப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இளைஞர்களுக்குக் கதவு திறந்து வைத்துள்ளன. பள்ளிகளில் இயங்கும் சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவையும் இத்தகைய பயிற்சிக்கு வாயில்களாகும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் கடற்கரை ஊரிலிருந்து வரும் நண்பர் ஒருவர் இருக்கலாம். காற்றின் திசையைக் கண்டே நாளைய வானிலையை அவர் சொல்லக்கூடும். மலையடிவாரத்திலிருந்து வரும் தோழி ஒருவர், பாதையற்ற காட்டிலும் வழி தவறாமல் நடக்கக்கூடும். மதிப்பெண் பட்டியலில் இத்திறன்களுக்கு இடமில்லை. ஆயினும் வெள்ளம் சூழும் ஒருநாளில், ஊர் முழுவதும் அவர்கள் கைகளையே நம்பி நிற்கும். அத்தகைய திறன் ஒன்றேனும் ஒவ்வொருவரிடமும் உறங்கிக் கிடக்கிறது. அதனைக் கண்டறிந்து பிறர்க்குப் பயன்படுமாறு செய்வதே கல்வியின் கடமை என்பதுதான் குர்ட் ஹான் தம் வாழ்வால் நிறுவிய உண்மை.

வெயிலைத் தாங்க இயலாத ஒருவர், தலைமுறை தலைமுறையாக இளைஞர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார். தாய்நாடு கைவிட்ட ஒருவர், அயல்நாட்டுக் கரையில் இளைஞர்களைக் காவலுக்கு நிறுத்தினார். புயலடிக்கும் இரவில் கடலைப் பார்த்தபடி விழித்திருந்த அம்மாணவர்களின் கல்வி, தேர்வோடு முடிந்துவிடவில்லை. எங்கோ தத்தளித்த ஒரு படகு பத்திரமாகக் கரைசேர்ந்தபோதுதான் அது நிறைவுற்றது.

கற்பவை கற்றபின்

1. உடல்வலிமை நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடும் என்பதைப் பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்கி வகுப்பறையில் உரையாடுக.

2. உங்கள் ஊரில் நீச்சல், படகோட்டம், மரமேறுதல், மலைவழி அறிதல் போன்ற திறன்களில் தேர்ந்த ஒருவரைச் சந்தித்து, அத்திறனை அவர் கற்ற முறையையும் அதனால் பிறர்க்கு விளைந்த பயனையும் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

3. வெள்ளம், தீ ஆகிய இடர்களின்போது உங்கள் பள்ளி மாணவர்கள் ஏற்கக்கூடிய பொறுப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு வேண்டிய பயிற்சித் திட்டம் ஒன்றைக் குழுவாக உருவாக்குக.